பேரப்பிள்ளைக்குக் காப்பாளர் ஆக மனு போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மகனோ மகளோ இறந்துபோய், பேரப்பிள்ளையை வளர்க்கும் பொறுப்பு தாத்தா பாட்டியிடம் வந்தால், பல குடும்பங்களில் முதலில் செய்வது முத்திரைத்தாளில் எழுதி நோட்டரியிடம் கையெழுத்து வாங்குவதுதான். அதை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். பாஸ்போர்ட், பிள்ளையின் பெயரில் உள்ள பணம் என்று வரும்போது, 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டப்படி நீதிமன்றம் தந்த ஆணையைத்தான் கேட்பார்கள். பிள்ளை வழக்கமாக எந்த ஊரில் வசிக்கிறதோ, அந்த ஊருக்குரிய நீதிமன்றத்தில் மனு போட வேண்டும். சொந்த ஊர் எது என்பது இதில் கணக்கில்லை.

பெரிய தவறு, உயிரோடு இருக்கும் மருமகனை மறைப்பது. 'எங்கே இருக்கிறார் என்றே தெரியாது' என்று மனுவில் எழுதிவிட்டு, பிறகு அவர் வந்து நின்றால் உங்கள் பேச்சில் நீதிபதிக்கு நம்பிக்கை போய்விடும். தாயோ தந்தையோ உயிரோடிருந்து, தகுதியற்றவர் என்று நீதிமன்றம் கருதாதவரை, பிள்ளைக்கு வேறொருவரைக் காப்பாளராக நியமிக்க முடியாது. சட்டத்தின் 19ஆம் பிரிவு அது. தாய் புற்றுநோயில் இறந்தபின் அவர் வீட்டு உறவினர்கள் வளர்த்த குழந்தையை, 2019இல் உச்ச நீதிமன்றம் தந்தையிடமே கொடுத்தது. மருமகனுக்குச் சம்மதம் என்றால் அவரையே வந்து சொல்லச் சொல்லுங்கள். குடித்துவிட்டு அடிப்பவர் என்றால் திட்டி எழுதிப் பயனில்லை. மருத்துவமனைச் சீட்டு, காவல் நிலையப் புகார், பள்ளி ஆசிரியரின் சாட்சியம் வேண்டும். நல்ல மனிதர்தான் என்றால் வழக்காடாமல், பேரப்பிள்ளையைப் பார்க்கும் உரிமையைக் கேட்பதே நியாயம்.

'எங்களுக்கு வயதாகிவிட்டதே' என்று ஒதுங்கவும் வேண்டாம். கொரோனாவில் பெற்றோரை இழந்த அகமதாபாத் சிறுவனை, வயதில் இளையவர், அரசு வேலையில் இருப்பவர் என்று அம்மாவின் சகோதரியிடம் ஒப்படைத்தது குஜராத் உயர் நீதிமன்றம். 2022இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, அப்பாவின் பெற்றோரிடமே பையனைக் கொடுத்தது.

விவரம் தெரிந்த பிள்ளையின் விருப்பத்தையும் நீதிபதி கேட்கலாம். அதற்காகப் பதில் சொல்லிக்கொடுத்து அழைத்துப்போகாதீர்கள், பாவம் அந்தப் பிள்ளை.

ஆணை கிடைத்த பிறகு நடக்கும் தவறும் உண்டு. பிள்ளையின் நிலத்தை விற்கவோ அடகு வைக்கவோ, அது படிப்புச் செலவுக்கே என்றாலும், நீதிமன்றத்தின் முன் அனுமதி வேண்டும்.

அப்புறம், வக்கீலுக்குப் பணமில்லை என்று தள்ளிப்போடுவது. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். அதனால் பாட்டியே மனுதாரராக இருக்கட்டும். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் போய்க் கேளுங்கள்.