காரின் பக்கக் கண்ணாடியைச் சிறிதாக்கப் போகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

என் பழைய ஹேட்ச்பேக் காரின் இரண்டு பக்கக் கண்ணாடிகளையும் கழற்றிவிட்டு, மோட்டார் சைக்கிளுக்கு விற்கிற வட்டக் கண்ணாடிகளை மாட்டி மூன்று வாரம் ஓட்டியவன் நான். காற்றின் எதிர்ப்பு குறையும், மைலேஜ் கூடும் என்ற கணக்கு. பெருங்களத்தூர் தாண்டி ஜி.எஸ்.டி. சாலையில் ஒருநாள் இடப்பக்கம் ஒதுங்குவதற்காக இண்டிகேட்டர் போட்டேன். கண்ணாடியில் கடுகளவு ஒரு கரும்புள்ளி, அதுவும் நடுங்கிக்கொண்டிருந்தது. ஸ்டியரிங்கை இம்மி அசைத்ததுமே காதருகில் ஹாரன் அலறியது. இரண்டு பக்கமும் பால் கேன் கட்டிய மொபெட்டில் ஒரு பெரியவர். அந்தக் கடுகு அவர்தான்.

அன்று மாலையே பழைய கண்ணாடிகளைத் தேடி எடுத்தேன். பிறகுதான் முதலிலேயே போட்டிருக்க வேண்டிய கணக்கைப் போட்டேன்.

அந்தக் கணக்கைப் போடாமல் இறங்குவதுதான் எல்லாத் தவறுகளுக்கும் தாய். ஒரு சாதாரணக் காரின் காற்று எதிர்ப்பில் பக்கக் கண்ணாடிகளின் பங்கு சில சதவீதம்தான். 4 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் சிறிய கார் ஒன்றின் மீது காற்று தள்ளும் விசை ஏறக்குறைய 260 நியூட்டன். அதில் இரண்டு கண்ணாடிகளின் பங்கு 10 நியூட்டன் சொச்சம். பாதியாகக் குறைத்தால் மிச்சம் 5 நியூட்டன். அரைக் கிலோ சர்க்கரைப் பொட்டலத்தைக் கையில் ஏந்திப் பாருங்கள், அந்தக் கனம்தான். டயர்களின் உருளல் எதிர்ப்பையும் சேர்த்துப் பார்த்தால், லிட்டருக்கு 18 கிலோமீட்டர் கொடுக்கும் கார் 18.2 கொடுக்கலாம். சென்னையிலிருந்து மதுரை போய்ச் சேர்வதற்குள் கால் லிட்டருக்குச் சற்று மேல் பெட்ரோல் மிச்சம்.

நகரத்துக்குள் அதுவும் கிடையாது. காற்று எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 30 கிலோமீட்டர் வேகத்தில் அது 90-இல் இருப்பதில் ஒன்பதில் ஒரு பங்காகிவிடும். அரைக் கிலோ பொட்டலம் 55 கிராமாகச் சுருங்கிவிடும். வடபழனி சிக்னலில் நிற்கிற காருக்குக் கண்ணாடி பெரிதாக இருந்தால் என்ன, சிறிதாக இருந்தால் என்ன?

இதே கணக்கில் என்னை வாயடைக்கச் செய்த இன்னொன்றும் உண்டு. 90-இல் போகிறவர் 89-க்கு இறங்கினாலே காற்று எதிர்ப்பு 2.2 சதவீதம் குறைகிறது. கண்ணாடியைப் பாதியாக வெட்டிக் கிடைப்பதைவிட அது கொஞ்சம் அதிகம்.

சரி, 5 நியூட்டனாவது கிடைக்கட்டுமே என்பவர்கள் அடுத்துச் செய்யும் தவறு, அளவை மட்டும் பார்த்து வடிவத்தை மறப்பது. நான் செய்ததும் அதுதான். காரோடு வருகிற கண்ணாடியின் கூடு முன்பக்கம் முட்டைபோல உருண்டு, பின்பக்கம் நறுக்கென்று வெட்டியதுபோல இருக்கும். அழகுக்காக அப்படிச் செய்யவில்லை. ஒரு வடிவம் காற்றை எவ்வளவு தடுக்கிறது என்பதைக் காட்டும் எண்ணுக்கு இழுவைக் கெழு என்று பெயர். காற்றைப் பார்த்து உருண்டிருக்கும் அரைக்கோளத்துக்கு அது ஏறக்குறைய 0.4. தட்டையான வட்டத் தகட்டுக்கு அதுவே 1.2-ஐ ஒட்டி வரும். ஆகவே நான் மாட்டியதுபோலத் தட்டை முதுகுள்ள கண்ணாடியின் பரப்பு பாதியாக இருந்தாலும், அது உருண்ட முழுக் கண்ணாடியைவிட ஒன்றரை மடங்கு காற்றைத் தடுக்கும். அதைத் தாங்கும் உருளைக் கம்பியின் பங்கு தனி. நான் காசு கொடுத்து எதிர்ப்பை வாங்கி மாட்டியிருக்கிறேன்!

இடமும் முக்கியம். முன்கண்ணாடிக்கும் கதவுக்கும் நடுவில் நிற்கும் தூணைச் சுற்றி வரும் காற்று, காரின் வேகத்தைவிட வேகமாகப் பாயும். பக்கக் கண்ணாடி நிற்பது அந்தப் பாய்ச்சலில்தான். அதைக் கதவுக் கண்ணாடிக்கு மிக நெருக்கமாக வைத்தால் இடுக்கு வழியே காற்று பிதுங்கிச் சீறும். மழையில் இன்னொரு தொல்லை வரும். கம்பெனிக் கண்ணாடியின் கூடு, தண்ணீர் எங்கே வழிய வேண்டும் என்பதையும் யோசித்து வடிவமைக்கப்படுகிறது. அதை எடுத்துவிட்டால், நீங்கள் கண்ணாடியைப் பார்க்கும் அதே ஜன்னல் பகுதியில் நீர்க்கோடுகள் ஓடும்.

குவிந்த கண்ணாடியைப் பற்றி ஒரு தப்பான நம்பிக்கை பரவலாக இருக்கிறது: சிறியதாக இருந்தாலும் அதிகமாகக் குவிந்திருந்தால் எல்லாம் தெரிந்துவிடுமாம். தெரியும், ஆனால் சிறுத்துத் தெரியும். எவ்வளவு குவிகிறதோ அவ்வளவு தூரத்தில் இருப்பதுபோலத் தோன்றும். பின்னால் வரும் வண்டி எவ்வளவு வேகமாக நெருங்குகிறது என்பதை மூளை அதன் உருவம் பெரிதாகும் விதத்தை வைத்தே ஊகிக்கிறது. கடுகு மிளகாக வளர்ந்ததை யார் கவனிப்பார்கள்? ஐ.நா.வின் 46ஆம் எண் ஒழுங்குவிதி, காரின் முதன்மைப் பக்கக் கண்ணாடியின் வளைவு ஆரம் 1,200 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது (ஆரம் குறையக் குறையக் குவிவு கூடும்) என்று சொல்வது இதற்காகத்தான். மூலையில் ஒட்டிக்கொள்ளும் பொட்டு போன்ற குவிகண்ணாடி துணைக்கு இருக்கலாம், முதன்மைக் கண்ணாடியின் வேலைக்கு அது ஆகாது.

நம் ஊரில் ஓட்டுநர் இருக்கை வலப்பக்கம். இடக் கண்ணாடி கண்ணுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு தூரத்தில் இருக்கிறது. ஒரே அளவுக் கண்ணாடி என்றாலும் தூரத்தில் இருப்பதில் காட்சி குறுகும். சிறிதாக்கினால் முதலில் கெடுவது அந்தப் பக்கம்தான். இடப்பக்கம் புகுந்து முந்தும் இருசக்கர வண்டிகள் வருவதும் அந்தப் பக்கம்தான். இடக் கண்ணாடியை மடக்கிவைத்தே ஓட்டுகிறவர்களையும் தினமும் பார்க்கிறேன். அவர்களுக்குக் கணக்கெல்லாம் சொல்லிப் பயனில்லை.

மாற்றிய பிறகு மைலேஜ் கூடிவிட்டது என்று சொல்கிறவர்களிடம் எப்படி அளந்தீர்கள் என்று கேளுங்கள். டேங்க் நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பியிருப்பார்கள். பெட்ரோல் பங்கில் குழாய் தானாக நிற்கும் இடம் அரை லிட்டர் முன்பின் ஆகும். 22 லிட்டர் செலவில் அதுவே 2 சதவீதத்துக்கு மேல். தேடுகிற ஆதாயமோ ஒரு சதவீதம் சொச்சம். எதிர்க்காற்று, ஏ.சி., டயர் அழுத்தம் எல்லாம் சேர்ந்தால் அந்த ஒரு சதவீதம் எங்கே போய் ஒளிந்துகொள்ளும் என்று தெரியாது.

கார் நிறுவனங்களே இதில் எவ்வளவு சம்பாதித்தன என்று பாருங்கள். ஜப்பான் 2016-இல் கண்ணாடிக்குப் பதில் கேமராவை அனுமதித்தது. 2018-இல் வந்த ஆடி இ-ட்ரான் மின்சாரக் காரில் கண்ணாடியை அடியோடு எடுத்துவிட்டு மெல்லிய கேமராக் கைகளை வைத்தபோது இழுவைக் கெழு 0.28-இலிருந்து 0.27-க்கு இறங்கியது. காரின் மீது காற்றை ஊதிச் சோதிக்கும் காற்றுச் சுரங்கமும் பொறியாளர் படையும் சேர்ந்து எடுத்தது 0.01. நாம் ஸ்க்ரூடிரைவரோடு உட்கார்ந்து எவ்வளவு எடுத்துவிடப் போகிறோம்?

சட்டப் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் கண்ணாடிகளுக்கு ஏ.ஐ.எஸ். (வாகனத் தொழில் தரநிலை) 001, அவற்றைப் பொருத்துவதற்கு ஏ.ஐ.எஸ். 002 எனத் தரநிலைகள் உண்டு. கடையில் வாங்கும் அலங்காரக் கண்ணாடி அவற்றில் தேறியதா என்று விற்கிறவருக்கே தெரிவதில்லை. புதிய கார்கள் பலவற்றில் இண்டிகேட்டர், மடக்கும் மோட்டார், 360 டிகிரி கேமரா எல்லாம் அந்தக் கூட்டுக்குள் இருக்கின்றன. கழற்றினால் அவையும் போகும்.

நான் இப்போது செய்திருப்பது இவ்வளவுதான்: ஆண்டில் இரண்டு முறை மட்டுமே பயன்படும் கூரைக் கேரியரைக் கழற்றி மொட்டைமாடியில் போட்டிருக்கிறேன், டயரில் காற்று சரியாக வைக்கிறேன், நெடுஞ்சாலையில் 80-ஐத் தாண்டுவதில்லை. தாண்டவும் முடியாது. வட்டக் கண்ணாடிக்காக வலக்கதவில் போட்ட துளையை அடைத்துப் பட்டி பார்த்தாகிவிட்டது, ஆனாலும் அந்த வேகத்துக்கு மேல் போனால் அங்கிருந்து ஒரு விசில் கிளம்பிவிடுகிறது.