பறவைப் பெயருக்குப் பின்னால் இருப்பதைப் படிக்கும்போது சறுக்கும் இடங்கள்

பறவை நோக்குபவர்கள் எழுதும் குறிப்புகளில் 19ஆம் நூற்றாண்டு வரலாறு இரண்டே வரியில் முடிந்துவிடும்: இன்னார் கண்டுபிடித்தார், இன்ன ஆண்டு. அந்த இரண்டு வரியிலேயே பிழைகள் நுழைந்துவிடுகின்றன.

முதல் பிழை, பெயரில் இருப்பவரே பெயர் வைத்தவர் என்று எடுத்துக்கொள்வது. ஜெர்டன் கோர்சர் என்ற பறவையை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னை மாகாணப் படையில் மருத்துவராக இருந்த தாமஸ் ஜெர்டனுக்குக் கிடைத்த பறவை அது. அறிவியல் பெயர் சூட்டி 1848இல் அச்சேற்றியவர் கல்கத்தா ஆசியக் கழகத்தின் அருங்காட்சியகத்தைப் பார்த்துக்கொண்ட எட்வர்ட் பிளைத். அந்த ஆண்டும் பெயர் அச்சான ஆண்டுதான். தெலுங்கு பேசும் ஊர்க்காரர்களுக்கு அது ‘கலிவி கோடி’. 1900க்குப் பிறகு காணாமல்போன பறவை 1986இல் கடப்பைப் பக்கம் மறுபடி கிடைத்ததே உள்ளூர் வேட்டைக்காரர் ஒருவர் இரவில் உயிரோடு பிடித்ததால்தான். ‘கண்டுபிடித்தார்’ என்று எழுதுமுன் யாருக்குப் புதிது என்று கேட்டுக்கொள்வது நல்லது.

அறிவியல் பெயருக்குப் பின்னால் அதை வைத்தவர் பெயரும் ஆண்டும் வரும். அதைச் சுற்றியுள்ள அடைப்புக்குறியை அலங்காரம் என்று நினைத்துத் தூக்கிவிடுவது அடுத்தது. நீலகிரி ஈப்பிடிப்பானுக்கு ‘(ஜெர்டன், 1840)’ என்று போடுவார்கள். நீலகிரி நெட்டைக்காலிக்கு ‘ஷார்ப், 1885’ என்று வெறுமனே. ஈப்பிடிப்பானை ஜெர்டன் மஸ்ஸிகாபா பேரினத்தில் (நெருங்கிய இனங்களின் தொகுதியில்) வைத்தார், இன்று அது யூமியாஸில் இருக்கிறது. இப்படிப் பேரினம் மாறியிருந்தால்தான் அடைப்புக்குறி வரும். நெட்டைக்காலி ஷார்ப் வைத்த ஆந்தஸிலேயே இன்னும் இருக்கிறது.

ஆண்டும் ஏமாற்றும். பெரிய அலகு நாணல் கதிர்க்குருவியின் பெயருக்குப் பின்னால் ‘ஓபர்ஹோல்சர், 1905’ என்று இருக்கும். பார்த்தால் 20ஆம் நூற்றாண்டுப் பறவை. உண்மையில் காங்கிரஸைத் தொடங்கிய அதே ஆலன் ஹியூம் 1867இல் சட்லெஜ் பள்ளத்தாக்கில் எடுத்த ஒற்றைக் குருவி அது. ஹியூம் வைத்த பெயர் ஏற்கெனவே வேறொன்றுக்குப் போயிருந்ததால் பின்னாளில் ஓபர்ஹோல்சர் மாற்றுப் பெயர் தரவேண்டியதாயிற்று. உயிருள்ள இன்னொன்று கையில் சிக்கியது 2006இல், தாய்லாந்தில்.

டார்வின் கதையும் கேட்டுப் புளித்தது. கலாபகஸ் தீவுகளில் 1835இல் குருவிகளின் அலகைப் பார்த்ததுமே அவருக்குப் பரிணாமம் பிடிபட்டுவிடவில்லை. எந்தக் குருவி எந்தத் தீவு என்றுகூடச் சரியாகக் குறித்துவைக்கவில்லை. எல்லாம் ஒரே குடும்பம் என்று 1837 ஜனவரியில் லண்டனில் சொன்னவர் பறவையியலாளர் ஜான் கூல்ட். தீவு விவரத்துக்கு டார்வின் கப்பலில் கூட வந்தவர்களின் சேகரிப்பை நாட வேண்டியிருந்தது.

எல்லாவற்றிலும் மோசமானது லேபிளைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புவது. பாடம்செய்த பறவையின் காலில் கட்டிய சீட்டில் இடம், தேதி, எடுத்தவர் பெயர் என்று மூன்றே தகவல். அதை அவிழ்த்து வேறொன்று கட்ட எவ்வளவு நேரமாகும்? 1873இல் ஹியூம் விவரித்த மத்திய இந்தியச் சிற்றாந்தைக்கு, பிளூவிட் என்பவர் எடுத்து அனுப்பியதால், பிளூவிட்டி என்று பெயர். 1884 வரை ஏழு மாதிரிகள் சேர்ந்தன. எட்டாவதாக ஒன்றை 1914இல் குஜராத்தின் மாண்ட்வியில் எடுத்ததாக மைனர்ட்ஸ்ஹேகன் என்ற ராணுவ அதிகாரி காட்டினார். பறவையியலாளர் பமேலா ராஸ்முசென் எக்ஸ்ரே எடுத்துத் தையலையும் அடைப்பையும் ஆராய்ந்தபோது குட்டு உடைந்தது: 1880களில் ஜேம்ஸ் டேவிட்சன் என்பவர் பாடம்செய்த பறவையை மைனர்ட்ஸ்ஹேகன் திருடி, பிரித்து மறுபடி அடைத்து, புதுச்சீட்டு கட்டியிருக்கிறார். மாண்ட்வியைத் தள்ளிவிட்டுப் பழைய இடங்களில் தேடியதும் 1997 நவம்பரில் மகாராஷ்டிரத்தின் ஷஹாடா அருகே ஆந்தை பட்டப்பகலில் உட்கார்ந்திருந்தது. மைனர்ட்ஸ்ஹேகன் பெயர் வரும் பதிவு வேறு எதில் இருந்தாலும், இன்னொரு சான்று இல்லாமல் உங்கள் பட்டியலில் ஏற்றாதீர்கள்.