565 ஓட்டு போதும் என்று கிளம்பாதீர்கள்

ஒரு சனிக்கிழமை காலை பிரசார அலுவலகத்துக்குப் போனேன். புதிதாகச் சேர்ந்த இரண்டு பையன்கள் வெள்ளைப் பலகையில் ஓர் எண்ணை எழுதி, அதைச் சுற்றி சிவப்பில் வட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். போன தேர்தலில் அவர்களுடைய வேட்பாளர் தோற்ற வித்தியாசம் அது. அதற்குக் கீழே 'கூட ஒன்று' என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடு வேறு. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. சில வருஷங்களுக்கு முன்னால் இதே மாதிரி எண்ணை எழுதி, இதே மாதிரி வட்டம் போட்டவன் நான்.

அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக்கு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை தேர்தல். தோற்ற காயம் ஆறுவதற்குள் அடுத்த மனுத்தாக்கல் வந்துவிடும். அதனால் இழுபறித் தொகுதிகளில், அதுவும் கிராமப்புறத் தொகுதிகளில், ஒரே முகம் இரண்டாவது முறை, மூன்றாவது முறை நிற்பது சகஜம். கலிபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கில் ஒரு மிதவாத வேட்பாளருக்கு நான் இரண்டு முறை களவேலை பார்த்தேன். பெயர் வேண்டாம். இரண்டு முறையும் தோற்றார். இரண்டாவது தோல்வியில் என் பங்கு நிறைய.

நன்கொடைக் கணக்கைத் தாமதமாகத் தாக்கல் செய்வது, மைக் அணைந்துவிட்டது என்று நினைத்துப் பேசுவது போன்ற பிரசாரத் தவறுகளை இங்கே எழுதப்போவதில்லை. ஒரு தடவை சூடு பட்டாலே புத்தி வந்துவிடும். எத்தனை தடவை பட்டாலும் புத்தி வராத விஷயங்கள் சில உண்டு, அவற்றைப் பார்ப்போம்.

உதாரணத்துக்கு ஊரறிந்த ஒரு போட்டியை எடுத்துக்கொள்கிறேன். கலிபோர்னியாவின் 13-வது தொகுதி. 2022, 2024 தேர்தல்களில் அது மெர்சட் கவுண்டி முழுவதும், பக்கத்துக் கவுண்டிகளின் பகுதிகளும் சேர்ந்தது (கவுண்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி, ஓட்டு எண்ணுவதும் அதுதான்). பாதாம் தோப்பு, மாட்டுப் பண்ணை, தக்காளி வயல். ஜனநாயகக் கட்சியின் மிதவாதி ஆடம் கிரே, மாநில சட்டமன்றத்தில் பத்து ஆண்டு இருந்துவிட்டு 2022இல் இங்கே நின்றார். எதிரே குடியரசுக் கட்சியின் ஜான் டுவார்ட்டே, நாற்றுப்பண்ணை நடத்தும் விவசாயி. டுவார்ட்டே 67,060, கிரே 66,496. 564 ஓட்டில் தோல்வி. 2024இல் அதே இருவர் மறுபடியும் மோதினார்கள். கிரே 1,05,554, டுவார்ட்டே 1,05,367. இந்த முறை 187 ஓட்டில் கிரே ஜெயித்தார்.

மிதவாதம் என்றால் பாதிப் பாதி என்று நினைப்பது

இரண்டு கட்சிகளின் நிலைப்பாட்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் மிதவாதம் வந்துவிடும் என்று புதிதாக வருகிறவர்கள் நினைக்கிறார்கள். எந்தக் கேள்வி கேட்டாலும் 'இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது' என்று ஒரு பதில் தயார். விவசாயிகள் சந்திப்பில் அதைச் சொல்லிப் பாருங்கள், கையில் இருக்கும் காபி ஆறுவதற்குள் பாதி நாற்காலி காலியாகிவிடும்.

கிரே என்ன செய்தார்? ஸ்டானிஸ்லாஸ், துவாலமி, மெர்சட் ஆறுகளின் இயல்பான நீரோட்டத்தில் பிப்ரவரி முதல் ஜூன் வரை 40 சதவீதத்தை, மீன்களுக்காக ஆற்றிலேயே விட வேண்டும் என்று 2018இல் மாநில நீர் வாரியம் முடிவெடுத்தது. அப்போது மாநில ஆட்சி அவருடைய கட்சியின் கையில்தான் இருந்தது. அவர் மழுப்பவில்லை, சொந்தக் கட்சி ஆட்சியை நேராக எதிர்த்தார். இன்னொரு பக்கம், மெர்சட் பல்கலைக்கழக வளாகத்தில் மருத்துவக் கல்விக்கு மாநிலப் பணம் கேட்டு நின்றார். தண்ணீரில் ஒரு பக்கம், மருத்துவத்தில் ஒரு பக்கம், ஆனால் எதிலும் நடுவில் இல்லை. வாஷிங்டன் மாநிலத்தின் 3-வது தொகுதியில் மரி குளூசென்காம்ப் பெரெஸும் அப்படித்தான். கணவரோடு கார் பழுதுபார்க்கும் கடை நடத்தியவர், வாங்கிய டிராக்டரை வாங்கியவனே பிரித்துச் சரிசெய்யும் உரிமை வேண்டும் என்று பேசினார். 2022இல் 2,629 ஓட்டில் ஜெயித்து, 2024இல் அதே எதிராளியை அதைவிடப் பெரிய வித்தியாசத்தில் தோற்கடித்தார்.

விட்ட இடத்திலிருந்து தொடங்குவது

இதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன்.

564 ஓட்டு என்பது ஒரு கல்யாண மண்டபத்தில் பந்திக்கு உட்காரும் கூட்டம். அவ்வளவு சின்ன எண்ணைப் பார்த்ததும் மூளை ஒரு தந்திரம் செய்கிறது. 'கிட்டத்தட்ட ஜெயித்துவிட்டோம், இன்னும் 565 பேரைப் பிடித்தால் முடிந்தது' என்கிறது. அங்கிருந்துதான் எல்லாம் கோணலாகப் போகிறது.

மேலே கொடுத்த எண்களைக் கூட்டிப் பாருங்கள். 2022இல் இருவரும் சேர்ந்து வாங்கியது 1,33,556. 2024இல் 2,10,921. அதிபர் தேர்தல் இல்லாத ஆண்டுக்கும் உள்ள ஆண்டுக்கும் நடுவே 77,365 ஓட்டு கூடியிருக்கிறது. இரண்டாவது முறை கிரே கூடுதலாக வாங்கியது 565 அல்ல, 39,058. டுவார்ட்டேயும் சும்மா இல்லை, அவருக்கும் 38,307 கூடியது. 2022இல் வாங்கியதோடு இன்னொரு 565 மட்டும் சேர்ந்திருந்தால் கிரே 38,000 ஓட்டுக்கு மேல் வித்தியாசத்தில் தோற்றிருப்பார்.

அதாவது, இரண்டாவது தேர்தல் முதல் தேர்தலின் தொடர்ச்சியே அல்ல. வாக்காளர் கூட்டமே வேறு. அதுவும் 2020இல் பைடன் எளிதாக முன்னிலை பெற்ற இந்தத் தொகுதியில் 2024இல் டிரம்ப் முந்தினார். டிரம்புக்குப் போட்ட சிலர் அதே வாக்குச்சீட்டில் கீழே இருக்கும் சபைத் தேர்தலுக்கு வந்து கிரேக்கும் போட்டால்தான் அந்த 187 வந்திருக்க முடியும். பழைய ஆதரவாளர் பட்டியலில் அந்த ஆளை எங்கே தேடுவீர்கள்?

நான் தேடினேன். முதல் பிரசாரத்தில் வீடு வீடாகப் போனபோது ஒவ்வொருவருக்கும் ஓர் எண் போட்டிருந்தோம். 1 என்றால் உறுதியாக நம் ஆள், 5 என்றால் உறுதியாக எதிராளி. இரண்டாவது முறை அந்தப் பழைய எண்களையே எடுத்து, 1, 2, 3 மட்டும் அச்சடித்து வாலண்டியர்கள் கையில் கொடுத்தேன். போன தடவை ஓட்டே போடாதவர்கள் பட்டியலிலேயே இல்லை. அவர்களைத் தேடிப் போனால் நேரம் வீண் என்று நானே தள்ளிவிட்டேன். பெட்ரோல் மிச்சம், கால்வலி மிச்சம். மேலிடத்தில் பாராட்டுகூட வாங்கினேன்.

அக்டோபர் கடைசியில் ஒரு மாலை, 99-வது நெடுஞ்சாலையை ஒட்டிய டிரெய்லர் வீடுகள் வரிசையில் நானே பட்டியலோடு நடந்தேன். அழைப்பு மணியின் மேல் டேப் ஒட்டியிருந்தது, கதவைத் தட்டினேன். வயதான ஒரு அம்மா வந்தார். பட்டியலில் இருந்த பெயரைச் சொன்னேன். "அவர் என் கணவர். பிப்ரவரியில் போய்விட்டார்" என்றார். வருத்தம் சொல்லி, பெயரை அடித்துவிட்டுத் திரும்பினேன். அவர் விடவில்லை. உள்ளே கையைக் காட்டினார். ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்துக்குக் கீழே மூன்று தபால் வாக்கு உறைகள். மகள், மருமகன், பேத்தி. வேறு ஊரிலிருந்து குடிவந்து ஒரு வருஷம் ஆகிறது. "இவங்களை யாரும் வந்து கேட்கலையே" என்றார்.

நான் பட்டியலைப் பார்த்தேன். அந்த மூன்று பெயர்களும் அதில் இல்லை. இருட்டுவதற்குள் இன்னும் பதினோரு கதவு பாக்கி. நன்றி சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டேன்.

மூன்று பேர் உயிரோடு, கையில் ஓட்டோடு இருந்தார்கள். நான் இறந்துபோனவரைத் தேடி வந்து, அவர் இல்லை என்று குறித்துக்கொண்டு கிளம்பினேன். இதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சலாக வருகிறது, என் மேல்தான். அந்த வரிசையில் அப்படி எத்தனை வீடோ.

பட்டியல் மட்டுமில்லை, வேட்பாளரின் பேச்சும் கெட்டுப்போகிறது. எங்கள் வேட்பாளர் மேடை ஏறியதும் 'போன தடவை மயிரிழையில் தவறவிட்டோம்' என்றுதான் ஆரம்பிப்பார். போன தடவை ஓட்டுப் போடாதவருக்கு அது யார் வீட்டுக் கதையோ. நாங்கள் யாரும் அதை நிறுத்தச் சொல்லவில்லை, சொல்லும்போதெல்லாம் கைதட்டல் வந்ததே. தட்டியவர்கள் யார் என்று பார்த்திருக்க வேண்டும். எல்லாம் பழைய 1-கள்.

மெய்ன் மாநிலத்தின் 2-வது தொகுதியிலும் இந்தப் பாடம் இருக்கிறது. மாநில செனட்டராக இருந்த எமிலி கெய்ன் 2014இல் புரூஸ் பாலிக்வினிடம் சுமார் 5 சதவீதப் புள்ளியில் தோற்றார். 2016இல் அதே இருவர். அதிபர் தேர்தல் ஆண்டு, டிரம்ப் அந்தத் தொகுதியில் முந்திய ஆண்டு. வித்தியாசம் 9 புள்ளியைத் தாண்டியது. பெயர் ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது, அதனால் இரண்டாவது முறை சுலபம் என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

சரி, என்ன செய்யலாம்? பழைய 1, 2, 3 எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள். கவுண்டியிடமிருந்து புதிய வாக்காளர் பட்டியலை வாங்கி, போன தேர்தலுக்குப் பிறகு பதிவு செய்தவர்கள், முகவரி மாறியவர்கள், அதிபர் தேர்தலுக்கு மட்டும் வருகிறவர்கள் என்று மூன்று கட்டாகப் பிரித்து, அவர்கள் வீட்டிலிருந்து தொடங்குங்கள். பழைய ஆதரவாளர்களிடம் கடைசியாகப் போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அப்புறம், தட்டிய கதவுக்குப் பின்னால் பட்டியலில் இல்லாத ஆள் இருந்தால் நின்று பேசுங்கள், அடுத்த பதினோரு கதவு எங்கும் ஓடிப்போய்விடாது.

மார்ச் முடிவைப் பார்த்து மூட்டை கட்டுவது

கலிபோர்னியாவில் நவம்பர் தேர்தலுக்கு முன்னால் ஒரு முதற்கட்டத் தேர்தல் உண்டு, அதில் முதல் இரண்டு இடம் பிடிப்பவர்கள் நவம்பரில் மோதுவார்கள். 13-வது தொகுதியில் 2024 மார்ச் மாத முதற்கட்டத்தில் களத்தில் இருந்ததே கிரேயும் டுவார்ட்டேயும்தான். கிரே கிட்டத்தட்ட 10 புள்ளி பின்தங்கினார். நவம்பரில் என்ன நடந்தது என்று மேலே படித்தீர்கள்.

பகல் 11 மணிக்குக் கதவு தட்டுவது

நகரத்திலிருந்து வரும் வாலண்டியர்கள் செய்வது. ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை பாதாம் அறுவடை. பால் கறப்பவர்களுக்கு இரவு ஷிப்ட், பகலில் அவர்கள் தூங்கும் நேரத்தில் நீங்கள் நாயைக் குரைக்க வைக்கிறீர்கள். ஓட்டு வராது, திட்டு வரும். ஞாயிறு பிற்பகல் போங்கள்.

ஸ்பானிஷ் துண்டறிக்கை

இயந்திரத்தில் போட்டு மொழிபெயர்க்காதீர்கள்.

பழைய வரைபடம்

2025 நவம்பரில் வாக்காளர்களிடம் ஓட்டுக்கு விடப்பட்ட 50-வது முன்மொழிவு நிறைவேறி, கலிபோர்னியாவின் தொகுதி எல்லைகள் மாறிவிட்டன. அலுவலகச் சுவரில் தொங்கும் பழைய படத்தை இன்றைக்கே கழற்றுங்கள்.

தேர்தல் இரவோடு கடையைச் சாத்துவது

கலிபோர்னியாவில் பதிவு செய்த ஒவ்வொரு வாக்காளருக்கும் தபால் ஓட்டு வீட்டுக்கே வரும். தேர்தல் நாள் முத்திரையோடு தபாலில் போட்டிருந்தால் ஏழு நாள் கழித்து வந்து சேர்ந்தாலும் எண்ணுவார்கள். தேர்தல் இரவு திரையில் தெரிவது பாதிப் படம்தான். அந்த இரவே வாலண்டியர்களுக்குப் பீட்சா வாங்கிக் கொடுத்து நன்றி சொல்லி அனுப்பிவிடும் அலுவலகங்களை இன்னும் பார்க்கிறேன்.

வேலையே அதற்குப் பிறகுதான். உறையில் கையெழுத்துப் போட மறந்தவர்கள், கையெழுத்துப் பொருந்தாதவர்கள் எல்லாருக்கும் கவுண்டி கடிதம் அனுப்பும். அவர்கள் ஒரு படிவத்தில் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்பினால் ஓட்டு செல்லும், இல்லாவிட்டால் உறை பிரிக்கப்படாமலே கிடக்கும். அந்தப் பெயர்ப் பட்டியலைப் பிரசாரக் குழுக்கள் கேட்டு வாங்கலாம். முதல்முறை ஓட்டுப் போடும் இளைஞர்கள் இதில் அதிகம் சிக்குவார்கள். கவுண்டி ஒப்பிட்டுப் பார்ப்பதில் ஓட்டுநர் உரிமத்துக்கு அவசரமாகத் திரையில் கிறுக்கிய கையெழுத்து ஒன்று, உறையில் நிதானமாகப் போட்டது இன்னொன்று. கவுண்டிக் கடிதத்தைப் பலர் விளம்பரத் தபாலோடு சேர்த்துக் குப்பையில் போட்டுவிடுவார்கள். நீங்கள் நேரில் போய்ப் படிவத்தைக் காட்டினால்தான் விஷயமே புரியும். பேனாவையும் கொண்டுபோங்கள்.

2024இல் இந்தத் திருத்தத்துக்கு டிசம்பர் 1 வரை அவகாசம் இருந்தது. டுவார்ட்டே தோல்வியை ஒப்புக்கொண்டது டிசம்பர் 3. நாடு முழுவதும் 435 தொகுதிகளில் கடைசியாக முடிவு தெரிந்தது இங்கேதான். நவம்பர் 5ஆம் தேதி இரவே வீட்டுக்குப் போனவர்கள் நாலு வாரத்தைத் தூங்கிக் கழித்தார்கள்.

அந்த டிரெய்லர் வீட்டு ஃபிரிட்ஜில் இருந்த மூன்று உறைகள் தபாலில் சேர்ந்தனவா, கையெழுத்து இருந்ததா, எனக்குத் தெரியாது. பெயரைக்கூட நான் எழுதிக்கொள்ளவில்லை.