குளிர்க்கடலில் கயாக் மீன்பிடிப்பு: உடை வாங்கும்போது சென்னைக்காரர்கள் செய்யும் தவறுகள்

கோவளத்திலும் முட்டுக்காட்டிலும் கயாக் ஓட்டிப் பழகியவர்களுக்குத் தண்ணீர் மேல் பெரிய பயம் கிடையாது. பயமெல்லாம் வெயில் மேல்தான். முழுக்கை டீ-ஷர்ட், கழுத்தை மூட ஒரு துணி, தொப்பி, மூக்கு நிறைய சன்ஸ்கிரீன். நம் கடலுக்கு அது போதும். சென்னைக்கு நேரே வங்கக் கடல் ஆண்டு முழுக்க ஏறக்குறைய 26 முதல் 30 டிகிரி செல்சியஸில் இருக்கிறது. கயாக் கவிழ்ந்தால், சிரித்துக்கொண்டே திரும்ப ஏறி உட்கார்ந்து, தூண்டிலைத் தேடலாம்.

இந்தப் பழக்கத்தோடு ஒருவர் கலிஃபோர்னியாவில் மகள் வீட்டுக்குப் போகிறார். இன்னொருவருக்குச் சியாட்டிலில் ஆறு மாதப் பிராஜெக்ட். அங்கே யாராவது “வாங்க சார், கயாக்ல போய் லிங்காட் மீன் பிடிக்கலாம்” என்று கூப்பிடுகிறார்கள். கிளம்புவதற்கு முன் “என்ன டிரெஸ் வாங்கணும்?” என்று இங்கே கேட்கிறார்கள். அவர்கள் போட்டுக் கொண்டுவரும் பட்டியலைப் பார்த்தால், தவறுகள் பலவாகத் தெரிந்தாலும் வேர் ஒன்றுதான். கயாக்கில் சௌகரியமாக உட்கார்ந்திருக்கும் ஆளுக்கு உடை வாங்குகிறார்கள். வாங்க வேண்டியது, அதே ஆள் தண்ணீரில் விழுந்து கிடக்கும்போது தேவைப்படும் உடையை.

காற்றைப் பார்த்து உடுத்துவது

எல்லாவற்றிலும் பெரிய தவறு இது. ஜூலை மாதம் சியாட்டிலில் நல்ல வெயில் அடிக்கும், சில நாள் 30 டிகிரிகூடத் தொடும். பக்கத்திலேயே இருக்கும் பியூஜெட் சவுண்ட் என்ற உள்கடலின் தண்ணீரோ பல இடங்களில் அப்போதும் 13 டிகிரி வாக்கில்தான் இருக்கும். கலிஃபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில் ஆண்டு முழுக்கப் பெரும்பாலும் 10 முதல் 15. இதில் ஒரு வேடிக்கை உண்டு. வசந்தத்திலும் கோடைத் தொடக்கத்திலும் அங்கே வடமேற்குக் காற்று பலமாக வீசி, மேல் தண்ணீரைக் கரையிலிருந்து விலக்கிவிடுகிறது. அந்த இடத்தை நிரப்ப ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலே வருகிறது. மீனுக்கு இரை கொழிப்பதும் அந்த நீரால்தான். ஆக, வானம் வெளுத்து, வெயில் ஏறி, மீனும் கிடைக்கும் மாதங்களில்தான் தண்ணீர் மிகவும் சில்லென்று இருக்கும்.

தண்ணீர் உடம்புச் சூட்டைக் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக இழுத்துக்கொள்ளும். அதனால் 13 டிகிரிக் காற்றில் கொடைக்கானலில் நடந்த அனுபவம் இங்கே எதற்கும் உதவாது.

ஃபாரன்ஹீட்டும் நம்மை ஏமாற்றும். “தண்ணீர் 55 டிகிரி” என்று படித்தால் நமக்கு வெந்நீர் போலத் தோன்றும். அது 13 செல்சியஸுக்கும் சற்றுக் குறைவு. காற்று, தண்ணீர் இரண்டின் ஃபாரன்ஹீட் அளவையும் கூட்டி 120-ஐத் தாண்டினால் தனி உடை வேண்டாம் என்று ஒரு கணக்கை இன்னமும் சிலர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். காற்று 75, தண்ணீர் 50 என்றால் கூட்டுத்தொகை 125. கணக்குப்படி பாஸ். ஆனால் விழப்போவது 10 டிகிரி செல்சியஸ் தண்ணீரில். இந்தக் கணக்கை மறந்துவிடுங்கள். தண்ணீர் 21 டிகிரிக்குக் கீழே போனாலே கவனம் தேவை என்கிறது அமெரிக்காவின் நேஷனல் சென்டர் ஃபார் கோல்ட் வாட்டர் சேஃப்டி.

விறைத்துப்போக நேரமிருக்கிறது என்று நினைப்பது

“எனக்கு நல்லா நீச்சல் தெரியும், அரை மணி நேரம் தாக்குப்பிடிப்பேன்” என்பார்கள். உடம்பு விறைப்பது பிறகு வரும் சங்கதி. கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் இதை 1-10-1 என்று சுருக்கிச் சொல்வார். முதல் 1 நிமிடம் மூச்சு உங்கள் வசம் இருக்காது. குளிர்ந்த நீர் பட்டதும் தன்னிச்சையாக வாய் திறந்து மூச்சை இழுக்கும். அந்த நொடி முகம் தண்ணீருக்குள் இருந்தால் நுரையீரலுக்குள் போவது தண்ணீர்தான். அடுத்த 10 நிமிடம் கைகால் சொன்ன பேச்சைக் கேட்கும், பிறகு விரல்கள் மடங்காது. நினைவு தப்புவதற்கு 1 மணி நேரம் ஆகும். உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்கு இறங்குவதற்கு வெகு முன்பே, முதல் சில நிமிடங்களில் மூழ்கிப் போகிறவர்களே அதிகம். மெரினாவில் எவ்வளவு தூரம் நீந்தினீர்கள் என்பது அந்த முதல் நிமிடத்துக்குத் தெரியாது.

இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் அந்த நேரத்தில் சட்டென்று எகிறும். பிள்ளைகளைப் பார்க்கப் போகும் அறுபது வயதுக்காரர்கள், பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், உடைக்கு முன்னால் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்பது நல்லது.

உடை செய்ய வேண்டிய வேலை இரண்டு. தோலில் ஒரேயடியாகக் குளிர் தாக்காமல் தடுத்து அந்த முதல் நிமிடத்தைக் கடக்க வைக்க வேண்டும். அப்புறம், விரல்கள் வேலை செய்யும் நேரத்தை நீட்டித்துத் தர வேண்டும். கடையில் எதை எடுத்தாலும் இந்த இரண்டையும் வைத்துப் பாருங்கள்.

கோவளத்து வெட்சூட்டைப் பெட்டியில் வைப்பது

இங்கே அலைச்சறுக்குக்குப் போட்டுக்கொள்ளும் 2 மில்லிமீட்டர் அரைக்கால் வெட்சூட்டோ ரேஷ் கார்டோ வைத்திருப்பவர்கள், “வெட்சூட்தான் இருக்கே” என்று கொண்டுபோகிறார்கள். ரேஷ் கார்டு வெறும் துணி. வெட்சூட் என்பது நுண்ணிய வாயுக் குமிழிகள் நிறைந்த நியோபிரீன் ரப்பர். அதன் தடிமனில்தான் எல்லாம் இருக்கிறது. 4/3 என்று போட்டிருந்தால் உடம்புக்கு 4 மில்லிமீட்டர், கைகாலுக்கு 3. உடம்போடு ஒட்டிப் பிடிக்க வேண்டும். தொளதொள என்றிருந்தால் உள்ளே புகும் தண்ணீர் நிற்காமல் மாறிக்கொண்டே இருக்கும், சூடு தங்காது.

சர்ஃபருக்குச் சரியாக இருப்பது தூண்டில்காரருக்குச் சரியாக இருக்காது. அவர் ஓயாமல் அசைகிறார். நாம் தங்கூஸைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் சும்மா உட்கார்ந்திருக்கிறோம். மீன்பிடிக்கும் கயாக்குகள் பெரும்பாலும் மேலே உட்காரும் வகை என்பதால், அடியிலுள்ள துளைகள் வழியாக இருக்கையும் காலும் எப்போதும் ஈரம். ஈர நியோபிரீன் மேல் காற்றடித்தால் தண்ணீரில் விழாமலேயே நடுங்க ஆரம்பிக்கும். வெட்சூட்தான் என்று முடிவு செய்தால், கையில்லாத ‘ஃபார்மர் ஜான்’ வகையை எடுத்து, மேலே காற்றுப் புகாத துடுப்பு ஜாக்கெட் போடுங்கள். தோளும் சுதந்திரமாக அசையும். ஆனால் 15 டிகிரிக்குக் கீழான தண்ணீரில் நிதானமாக மீன் பிடிக்கப் போகிறவருக்கு நான் சொல்வது, உள்ளே தண்ணீரே புகாத டிரைசூட் மட்டும்தான். நல்லது வாங்கினால் ஆயிரம் டாலரைத் தாண்டும், தெரியும். கயாக்கில் சிக்கனம் பிடித்து இதில் செலவழியுங்கள்.

மலையேற்றக் கடையில் வாங்கிய பஞ்சு ஜாக்கெட், ஜீன்ஸ், உள்ளே காட்டன் பனியன் என்று வருகிறவர்களும் உண்டு. பருத்தி நனைந்தால் குளிரைத்தான் பிடித்து வைத்திருக்கும். அம்மா மறக்காமல் பெட்டியில் திணிக்கும் குரங்குக் குல்லாவுக்கு ஒரு வேலை உண்டு, கரைக்கு வந்து காபி குடிக்கும்போது. கடலுக்கு மெல்லிய நியோபிரீன் குல்லா வேண்டும். காதுக்குள் குளிர்ந்த நீர் புகுந்தால் தலை சுற்றும். எது மேல், எது கீழ் என்பதே ஒரு கணம் குழம்பிவிடும்.

டிரைசூட் வாங்கியாச்சு, உள்ளே?

டிரைசூட் தண்ணீரைத்தான் தடுக்கும். குளிரைத் தடுப்பது உள்ளே போடும் துணி. இதை யாரும் சொல்லாததால் பலர் சூட்டை மட்டும் போட்டுக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். தோலை ஒட்டி மெல்லிய பாலியெஸ்டர் அல்லது கம்பளித் தெர்மல், அதற்கு மேல் ஃப்ளீஸ் என்ற மெத்தென்ற துணியில் தைத்த உடை, காலுக்குத் தடித்த கம்பளி சாக்ஸ். கணுக்காலோடு முடியும் சூட்டைவிட, காலுறை சேர்த்தே தைத்த சூட் நல்லது.

கழுத்திலும் மணிக்கட்டிலும் இருக்கும் லேடெக்ஸ் ரப்பர்தான் காவல். புதிதில் கழுத்தை நெரிப்பதுபோல் இருக்கும். உடனே கத்தரியை எடுக்காதீர்கள். உங்கள் கழுத்தைவிடச் சற்றே அகலமான எவர்சில்வர் பாத்திரத்தில் மாட்டி ஓர் இரவு வைத்தால் தளரும். அப்படியும் மூச்சு முட்டினால், அதில் இருக்கும் வளையக் கோட்டை ஒட்டி ஒரு சுற்று மட்டும் நறுக்கிப் போட்டுப் பாருங்கள். அதிகமாக நறுக்கிவிட்டால் ரப்பரையே மாற்ற வேண்டியதுதான்.

நம் ஊர்க்காரர்களுக்கென்றே ஒரு எச்சரிக்கை: தேங்காய் எண்ணெய். லேடெக்ஸ் இயற்கை ரப்பர், எண்ணெய் பட்டால் ஊறிக் கெட்டுப்போகும். தலை நிறைய எண்ணெய் வைத்துக்கொண்டு கழுத்து ரப்பருக்குள் தலையை நுழைத்தால் அதன் ஆயுள் மளமளவென்று குறையும். சன்ஸ்கிரீனும் கொசு விரட்டிக் களிம்பும் அப்படித்தான். முகத்தில் பூசுவதானால் சூட்டைப் போட்ட பிறகு, ரப்பரில் படாமல் பூசுங்கள். வழுக்கிக்கொண்டு போக வாசனையில்லாத பவுடர் போதும்.

போட்டதும் குத்துக்காலிட்டு முழங்காலைக் கட்டிக்கொண்டு, கழுத்து ரப்பரை விரலால் சற்று விலக்குங்கள். உள்ளே அடைபட்ட காற்று புஸ்ஸென்று வெளியேறும். இதைச் செய்யாவிட்டால் விழுந்தவுடன் காற்று காலுக்கோ தோளுக்கோ ஓடி, நீந்தவும் திரும்ப ஏறவும் இடைஞ்சல் செய்யும். புழுக்கமாக இருக்கிறதே என்று ஜிப்பைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டு துடுப்புப் போடுவதும் வேண்டாம். விழுந்த பிறகு அதை மூட விரல் வராது. சிறுநீர் கழிக்கத் தனி ஜிப் உள்ள சூட்டைக் கூச்சப்படாமல் கேட்டு வாங்குங்கள். அது இல்லாதவர்கள் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் கடலுக்குப் போய்ச் சோர்ந்துவிடுகிறார்கள்.

பாதத்திலிருந்து நெஞ்சு வரை வரும், ‘வேடர்’ (wader) என்ற நீர்புகாக் கால்சட்டை மலிவாகக் கிடைக்கிறதே என்றால், அது ஆற்றோரம் நின்று மீன் பிடிக்கிறவர்களுக்கானது. அதில் தண்ணீர் புகுந்தால் கல்லைப்போல் உங்களை அடியில் இழுத்துவிடும் என்பது மிகை. தண்ணீருக்குள் தண்ணீருக்கு எடை தெரியாது. ஆனால் நிறைந்த வேடரோடு நீந்த முடியாது, கயாக்கில் ஏறும்போது அத்தனை நீரையும் சேர்த்துத் தூக்க வேண்டும், குளிரோ நேராக உடம்பில். இடுப்பில் பெல்ட் கட்டினால் தண்ணீர் மெதுவாகப் புகும், அவ்வளவே.

சென்னையில் போட்டுப் பார்த்து முடிவெடுப்பது

ஊருக்குப் போவதற்கு முன்பே வரவழைத்து, மே மாதத்தில் மொட்டை மாடியில் போட்டுப் பார்த்து, “வேகுதுப்பா, இவ்வளவு தடிமன் வேண்டாம்” என்று திருப்பி அனுப்புகிறார்கள். இங்கே எதைப் போட்டாலும் வேகத்தான் செய்யும். கதகதப்பைச் சென்னையில் சோதிக்க வழியே இல்லை. ஃப்ளீஸோடு சேர்த்துப் போட்டு வெயிலில் நின்றால் மயக்கமே வந்துவிடும்.

ஆனால் வேறு சோதனைகளுக்கு நம் ஊர் அருமையான இடம். விடிகாலையில் துணைக்கு ஆள் வைத்துக்கொண்டு, உள்ளே மெல்லிய பனியனோடு முட்டுக்காட்டு உப்பங்கழியில் இறங்குங்கள். எங்கே ஒழுகுகிறது, கையைத் தூக்கும்போது தோள் பிடிக்கிறதா, சூட்டோடும் லைஃப் ஜாக்கெட்டோடும் கவிழ்ந்த கயாக்கில் ஏற முடிகிறதா என்று வெதுவெதுப்பான நீரில் நிதானமாகப் பார்க்கலாம். ஃப்ளீஸ் போட்டால் எவ்வளவு இடம் தேவைப்படும் என்பதை ஏசி அறையில் உட்கார்ந்து, குனிந்து, துடுப்பு வீசிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். லைஃப் ஜாக்கெட்டை இந்த எல்லா உடைக்கும் மேலே போட்டுத்தான் அளவு பார்க்க வேண்டும். கயாக் இருக்கையின் முதுகில் இடிக்காதபடி பின்பக்கம் உயரத்தில் முடிவது நல்லது. வயர்லெஸும் கத்தியும் அதன் பையில் இருக்கட்டும். கயாக்கில் வைத்தால் அது கயாக்கோடு போய்விடும். நீலம், சாம்பல், காட்டுப் பச்சை நிறங்கள் போட்டோவில் அழகாக இருக்கும், தேடி வருகிறவர் கண்ணில் படாது. மஞ்சளோ ஆரஞ்சோ வாங்குங்கள். கையுறை, முடிச்சுப் போட விரல் நுனியை மட்டும் மடித்துவிடும் வகையாக இருந்தால் கழற்ற வேண்டியிருக்காது. நியோபிரீன் பூட்ஸ் வாங்கும்போது தடித்த சாக்ஸோடு அளவு பாருங்கள். இறுக்கிப் பிடித்தால் கால் சீக்கிரம் மரத்துப்போகும். தூண்டில் முள்ளும் ராக்ஃபிஷின் முதுகு முள்ளும் சூட்டைக் குத்திவிடும் என்பதால் ஒட்டுப் போடும் டேப் ஒன்று கைவசம் வேண்டும்.

ஊர் திரும்பிய பிறகு சூட்டை நல்ல தண்ணீரில் அலசி, உள்ளும் புறமும் நிழலில் காயவைத்து, மடிக்காமல் தொங்கவிடுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஈரத்தோடு பீரோவில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும், பால்கனி வெயிலில் போட்டால் ரப்பர் வெடிக்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் போவேன் என்கிறவர்கள் இந்தத் தலைவலியே இல்லாமல் அங்கேயே வாடகைக்கு எடுக்கலாம். கயாக் கடைகள் சிலவற்றில் டிரைசூட்டும் தருகிறார்கள். எடுக்கும்போது கழுத்து, மணிக்கட்டு ரப்பரை மெல்ல இழுத்துப் பாருங்கள். நுண்ணிய வெடிப்போ பிசுபிசுப்போ இருந்தால் வேறு சூட் கேளுங்கள்.