ஹேவ்லாக் காட்டுப் பாதையில் நம்மவர்கள் சறுக்கும் இடங்கள்

சாயங்காலம் நாலு மணிக்குச் சென்னையில் வெயில் இன்னும் சுள்ளென்று அடித்துக்கொண்டிருக்கும். அதே நாலு மணிக்கு அந்தமானின் ஹேவ்லாக் தீவுக் (இப்போதைய பெயர் ஸ்வராஜ் த்வீப்) காட்டுக்குள் வெளிச்சம் வடியத் தொடங்கிவிடும். அங்கேயும் இந்திய நேரம்தான். ஆனால் அந்த நேரத்தைக் கணக்கிடும் தீர்க்கரேகை 82.5 டிகிரி, தீவு இருப்பதோ 93 டிகிரியில். அதனால் சூரியன் சுமார் 40 நிமிடம் முந்திக்கொள்கிறது. நவம்பர், டிசம்பரில் ஐந்து மணிக்கெல்லாம் அஸ்தமனம். மதியம் சாப்பிட்டு, ஒரு குட்டித் தூக்கம் போட்டு, மூன்று மணிக்கு எலிஃபென்ட் பீச்சுக்கு நடக்கலாம் என்று கிளம்புவதுதான் முதல் தவறு. காலையில் போங்கள். மழைக்காலத்தில் அந்தப் பாதையை வனத்துறை மூடிவிடுவதும் உண்டு. விடுதியில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது தவறை நானே செய்திருக்கிறேன். எலிஃபென்ட் பீச்சுக்குப் படகில் போகலாம், ராதாநகர் சாலையிலிருந்து பிரிந்து காட்டு வழியே சுமார் இரண்டு கிலோமீட்டர் நடந்தும் போகலாம். நடை ஒன்றும் கஷ்டமில்லை. விஷயம் கடைசியில்தான் இருக்கிறது. காடு முடிந்து அலையாத்தி மரங்கள் வரும் இடத்தில், கடல் வற்றியிருந்தால் சேற்று மணல், ஏறியிருந்தால் தண்ணீர். போகும்போது கணுக்கால் அளவுதான் இருந்தது. பீச்சில் குளித்து, பழம் வாங்கித் தின்று, ஆற அமரத் திரும்பினால் இடுப்பு வரை. வழிகாட்டியாக வந்த வங்காளிப் பையன் "ஜல்தி, பானி ஆ ரஹா ஹை" (சீக்கிரம், தண்ணீர் வருகிறது) என்று அரை மணி நேரமாகக் கத்திக்கொண்டிருந்தது அப்போதுதான் உறைத்தது. பேன்ட் பாக்கெட்டில் இருந்த போன் அன்றோடு சரி.

கடல் ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஏறும், இரண்டு தடவை வற்றும். ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். நேற்று போய்வந்தவர் சொன்ன நேரத்தை அப்படியே நம்பக்கூடாது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம். விஜய் நகர் கரையில் வற்றும் நேரத்தில் இறங்கினால் நீந்தத் தண்ணீரே இருக்காது. வெகுதூரத்துக்குப் பாறையும் செத்த பவளமும்தான். வெறுங்காலோடு நடந்தால் கிழித்துவிடும். பாத்ரூம் செருப்பும் வேண்டாம், சேறு அதைப் பிடுங்கி வைத்துக்கொள்ளும். பின்னால் வார் உள்ள ரப்பர் செருப்பு போதும்.

ஆள் இல்லாத இடமாகப் பார்த்துக் குளிக்கும் ஆசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்தமானில் உவர்நீர் முதலைகள் உண்டு. ராதாநகர் கடற்கரையின் ஓரத்தில் உள்ள நீல்ஸ் கோவ் என்ற சிறு வளைகுடாவில் 2010இல் ஸ்நார்க்கலிங் (மூச்சுக்குழாய் வைத்து நீந்துவது) செய்துகொண்டிருந்த அமெரிக்கப் பெண் ஒருவரை முதலை கொன்றது. ஓடை கடலில் கலக்கும் இடம், அலையாத்தி ஒட்டிய இடம், பொழுது சாய்ந்த நேரம் மூன்றையும் தவிர்த்துவிடுங்கள். எச்சரிக்கைப் பலகையில் சாய்ந்து நின்று செல்ஃபி எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

முதலைக்குப் பயப்படுகிறவர்கள் மணல் ஈயைக் கண்டுகொள்வதில்லை. கண்ணுக்குத் தெரியாத அளவு பூச்சி. கடித்த அன்று பெரிதாக ஒன்றும் இருக்காது. ஊர் திரும்பிய பிறகுதான் அரிப்பு உயிரை எடுக்கும், சொறிந்தால் புண்ணாகும். மணலில் நேராகப் படுக்காமல் பாய் விரித்துக்கொள்ளுங்கள். காலில் தேங்காய் எண்ணெய் தாராளமாகத் தடவிக்கொள்ளுங்கள். மழைக்காலக் காட்டில் அட்டையும் சேர்ந்துகொள்ளும். பிய்த்து எடுக்காமல் நகத்தால் வாயோரம் நெம்பிவிட்டால் போதும்.

கடைசியாக, கிளிஞ்சல். பவளம் செத்ததாக இருந்தாலும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவது. விமான நிலையத்தில் பையைத் திறக்கச் சொல்வார்கள். சட்டத்தை விடுங்கள், காலிச் சங்கு என்று நாம் எடுப்பது பல நேரம் காலியாக இருப்பதில்லை. என் மகள் பொறுக்கிவந்து விடுதி ஜன்னல் திட்டில் வரிசையாக அடுக்கிய ஏழு சங்குகளில், காலையில் நாலுதான் இருந்தன. மற்ற மூன்றும் நண்டுக்கால் முளைத்து வாசல் வரை போய்விட்டிருந்தன.