வந்து சேராத புளியும் ஒரே ஓர் எண்ணும்

காரிமங்கலத்திலிருந்து ஓர் இணைய விற்பனைத் தளம் வழியாகப் புளி விற்று வருகிறேன். சென்னை அசோக் நகருக்கு அனுப்பிய 5 கிலோ கொட்டை நீக்கிய புளி வந்து சேரவில்லை என்று வாங்கியவர் புகார் பதிந்ததும், எனக்கு வர வேண்டிய பணம் நிறுத்தி வைக்கப்பட்டது. கூரியர் பக்கமோ 'டெலிவரி ஆகிவிட்டது' என்றே காட்டியது.

அந்தப் பக்கத்தைப் படமெடுத்து இரண்டு முறை இணைத்தேன். இரண்டு முறையும் சான்று போதாது என்று விற்பனைத் தளத்தார் திருப்பிவிட்டார்கள். வாடிக்கையாளர் சேவை எண்ணில் காத்திருந்தே மேலும் நான்கு நாட்கள் போயின.

ஐந்தாம் நாள், பார்சலில் ஒட்டிய முகவரிச் சீட்டின் நகலை எடுத்துப் பார்த்தபோதுதான், அசோக் நகர் என்ற பெயருக்குக் கீழே பின்கோடு 600033 என்றிருந்தது கண்ணில் பட்டது. அசோக் நகருக்கு உரியது 600083. 33 மேற்கு மாம்பலத்துடையது. தருமபுரிக்கு 636701, எங்களுக்கு 635111 என்று ஒரே மாவட்டத்துக்குள்ளேயே எண் மாறுவதைப் பார்த்து வளர்ந்த நானே இதைக் கவனிக்கவில்லை.

கூரியர் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் எழுதி, பெற்றவர் கையெழுத்துள்ள நகலைக் கேட்டு வாங்கினேன், கையெழுத்து வேறொருவருடையது. அந்த நகலையும், வாங்கியவரே பின்கோட்டைத் தட்டச்சு செய்திருந்த ஆர்டர் பக்கத்தையும் ஒன்றாக இணைத்து அனுப்பிய மறுநாள் புகார் முடிக்கப்பட்டு, பணம் விடுவிக்கப்பட்டது. அப்பாடா என்றிருந்தது. புளி மாம்பலத்தில் ஒரு வீட்டில் பிரிக்கப்படாமலே இருந்தது. வாங்கியவர் தாமே போய் எடுத்துக்கொண்டார்.