எண் சரி, படித்த விதம்தான் தப்பு: நிலநடுக்கம், எரிமலை, நிலத்தடி நீர் ஆய்வுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நிலநடுக்கம் வந்த அரை மணி நேரத்தில் திரையின் அடியில் ஓர் எண் ஓடத் தொடங்கிவிடும். சேதம் எவ்வளவு, அடுத்தது எப்போது, நம் பக்கம் வருமா என்று அந்த ஓர் எண்ணை வைத்தே பேச ஆரம்பித்துவிடுகிறோம். எரிமலை ஆய்வுக்கும் நிலத்தடி நீர் ஆய்வுக்கும் இதே கதிதான். ஆய்வாளர்கள் தரும் எண்கள் பெரும்பாலும் சரியாகவே இருக்கின்றன. எந்த இடத்துக்கு, எந்தக் காலத்துக்கு, எவ்வளவு பிழை வரம்போடு சொன்னார்கள் என்பதுதான் நம்மிடம் வந்து சேர்வதற்குள் உதிர்ந்துவிடுகிறது.

அளவு வேறு, தீவிரம் வேறு

முதலில் அந்த 'ரிக்டர்'. சார்லஸ் ரிக்டர் 1935-இல் தெற்குக் கலிஃபோர்னியாவுக்காக உருவாக்கிய அளவுகோல் அது. பெரிய நிலநடுக்கங்களில் அது திணறும். அதனால் இன்று உலகம் முழுவதும் பெரிய நிலநடுக்கங்களுக்குப் பயன்படுவது மொமென்ட் மேக்னிட்யூட்: எவ்வளவு பரப்பில் பாறை உடைந்தது, எவ்வளவு தூரம் நகர்ந்தது என்பதிலிருந்து கணக்கிடுவது. பழைய பெயரையே சொல்வதில் பெரிய குற்றமில்லை. 6-ஐயும் 8-ஐயும் சாதாரணக் கூட்டல் கழித்தலாக ஒப்பிடுவதுதான் கோளாறு. இரண்டு எண் கூடினால் வெளியாகும் ஆற்றல் 1,000 மடங்கு கூடுகிறது.

அதைவிடப் பரவலான தவறு, பெரிய எண் என்றால் பெரிய அழிவு என்று முடிவுகட்டுவது. நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச் நகரத்தைப் பாருங்கள். 2010 செப்டம்பர் 4 விடியற்காலை 7.1 அளவில் நிலநடுக்கம். மையம் நகரத்துக்கு மேற்கே சுமார் 40 கி.மீ. கட்டடங்கள் விரிசல் விட்டன. இடிபாட்டில் சிக்கி யாரும் சாகவில்லை. 2011 பிப்ரவரி 22 மதியம் இன்னொன்று, 6.2. ஆற்றல் கணக்கில் முன்னதில் இருபதில் ஒரு பங்குகூடத் தேறாது. ஆனால் மையம் நகரத்தின் விளிம்பிலேயே, சுமார் 5 கி.மீ. ஆழத்தில். நேரமோ கடைகளும் அலுவலகங்களும் நிறைந்திருந்த நேரம். 185 பேர் இறந்தார்கள்.

ஒரு நிலநடுக்கத்துக்கு மேக்னிட்யூட் எனும் அளவு ஒன்றுதான். தரை எவ்வளவு குலுங்கியது என்ற தீவிரம் இடத்துக்கு இடம் மாறும். ஆழம், தூரம், மண் மூன்றும் அதைத் தீர்மானிக்கின்றன. 1985-இல் மெக்சிகோ நகரம் மையத்திலிருந்து 350 கி.மீ. தள்ளியிருந்தும் சிதைந்தது. பழைய ஏரிப் படுகையின் மென்மையான களிமண் அலைகளைப் பெருக்கிவிட்டதே காரணம்.

முதலில் சொன்ன எண்ணைப் பிறகு திருத்தினால் 'எதையோ மறைக்கிறார்கள்' என்று கிளம்பும் பேச்சும் உண்டு. 2004 டிசம்பர் 26 சுமத்ரா நிலநடுக்கத்துக்கு ஹவாயில் உள்ள பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையம் கால் மணி நேரத்துக்குள் கணக்கிட்டது 8.0. பிற்பாடு நிலைத்த மதிப்பு 9.1. பிளவு 1,200 கி.மீ.க்கு மேல் நீண்டு, உடைந்து முடியவே பல நிமிடங்கள் பிடித்தன. தொடக்க அலைகளை மட்டும் வைத்துப் போடும் கணக்கு அவ்வளவுதான் சொல்லும். முதல் மணி நேரத்து எண்ணை எப்போதும் தற்காலிக எண்ணாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

'சின்னச் சின்னதாய் வந்து தீர்ந்துவிட்டது'

இந்த நம்பிக்கை ஆபத்தானது. இத்தாலியின் லாக்விலா நகரில் 2009 தொடக்கம் முதலே சிறு அதிர்வுகள் வந்தவண்ணம் இருந்தன. மார்ச் 31 அன்று நிபுணர் குழு கூடியது. அதையொட்டி, குழுவிலிருந்த அதிகாரி ஒருவர், ஆற்றல் தொடர்ந்து வெளியேறுவதால் நிலைமை சாதகம்தான் என்ற பொருளில் தொலைக்காட்சியில் பேசினார். அதிர்வு வந்தால் இரவை வெளியே கழிப்பது அங்கே பழைய வழக்கம். ஏப்ரல் 5 இரவு மறுபடி அதிர்ந்தபோது சில குடும்பங்கள் வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டன. விடியற்காலை 3.32-க்கு 6.3 வந்தது. 300-க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

கணக்கைப் போட்டிருந்தாலே அந்தப் பேச்சு எடுபட்டிருக்காது. 6.3 அளவு நிலநடுக்கம் ஒன்றின் ஆற்றலை 4.0 அளவு அதிர்வுகள் வெளியேற்ற வேண்டுமானால், அவை ஏறக்குறைய 2,800 வர வேண்டும். எந்தத் தொடர் அதிர்விலும் அத்தனை வருவதில்லை.

இதையொட்டி நடந்த நீதிமன்ற வழக்கைப் பற்றி இன்னொரு தவறும் உலகம் சுற்றியது: 'நிலநடுக்கத்தை முன்கூட்டிச் சொல்லாததற்காக விஞ்ஞானிகளுக்குச் சிறை.' 2012-இல் ஏழு பேருக்குத் தண்டனை விதிக்கப்பட்டது உண்மை. ஆனால் குற்றச்சாட்டு கணிக்கத் தவறியது பற்றியதல்ல. அபாயத்தைச் சரிவர மதிப்பிடாமல் மக்களுக்குப் பொய்யான தைரியம் கொடுத்தது பற்றியது. 2014 மேல்முறையீட்டில் ஆறு விஞ்ஞானிகளும் விடுவிக்கப்பட்டார்கள். அதிகாரியின் தண்டனை குறைக்கப்பட்டது.

அதற்காக எல்லாச் சிறு அதிர்வையும் பெரியதன் முன்னோட்டமாகப் பார்ப்பதும் சரியல்ல. பெரும்பாலான தொடர்கள் ஒன்றுமில்லாமல் அடங்கிப்போகின்றன. எது முன்னதிர்வு என்பது பெரியது வந்த பிறகுதான் தெரியும். சீனாவில் 1975-இல் ஹைச்செங் நகர மக்களை முன்னதிர்வுகளைப் பார்த்து வெளியேற்ற முடிந்தது. மறு ஆண்டே தாங்ஷானில் அப்படி ஓர் அறிகுறியும் தென்படாமல் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

கணிப்பு, நிகழ்தகவு, எச்சரிக்கை

'இன்ன நாள், இன்ன இடம், இன்ன அளவு' என்று சொல்வது கணிப்பு. அது இன்றுவரை யாராலும் நம்பகமாகச் செய்ய முடியாதது. கலிஃபோர்னியாவின் பார்க்ஃபீல்டில் 1993-க்குள் வரும் என்று ஆய்வாளர்களே முறைப்படி எதிர்பார்த்தார்கள், கருவிகளோடு காத்திருந்தார்கள். வந்தது 2004-இல். 'அடுத்த 30 ஆண்டுகளில் இத்தனை சதவீதம்' என்பது நிகழ்தகவு. கட்டட விதிகள் அதை நம்பியே எழுதப்படுகின்றன. ஜப்பானில் கைபேசி அலறுகிறதே, அது கணிப்பே அல்ல. நிலநடுக்கம் தொடங்கிவிட்டது, வேகமான முதல் அலை கருவிக்கு வந்துவிட்டது, மெதுவாக வரும் வலுவான அலை உங்களை அடைய இன்னும் சில விநாடிகள் இருக்கின்றன என்ற அறிவிப்பு. மையத்துக்கு மேலேயே இருப்பவருக்கு அந்த விநாடிகளும் கிடைக்காது.

வெள்ளத்திலும் இதே குழப்பம். 'நூறாண்டு வெள்ளம்' போன வருடம் வந்துவிட்டது, இனி கவலையில்லை என்பார்கள். ஒவ்வோர் ஆண்டும் 1 சதவீத வாய்ப்பு என்பதே அதன் பொருள். போன வருடத்தது இந்த வருடக் கணக்கைத் தொடாது. ஆற்றோரம் 30 ஆண்டு வாழ்பவர் அதைச் சந்திக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 26 சதவீதம்.

எரிமலையில் லாவாவை மட்டும் பார்ப்பது

படங்களில் சிவப்பாக வழியும் லாவா பெரும்பாலும் மனிதர் விலகிப் போகும் வேகத்தில்தான் நகரும். கொத்துக்கொத்தாகக் கொல்பவை வேறு. 1902 மே 8 அன்று மார்ட்டினீக் தீவின் செயின்ட் பியர் நகரைச் சில நிமிடங்களில் அழித்தது, மலையிலிருந்து பாய்ந்திறங்கிய சூடான வாயுவும் சாம்பலும். சுமார் 28,000 பேர் மடிந்தனர்.

1985 நவம்பர் 13 அன்று கொலம்பியாவின் நெவாடோ டெல் ரூயிஸ் எரிமலை வெடித்தது. வெடிப்பு பெரிதல்ல. ஆனால் உச்சியில் பனி இருந்தது. உருகிய நீர் சாம்பலையும் பாறையையும் வாரிக்கொண்டு சேற்று வெள்ளமாகப் பள்ளத்தாக்கில் இறங்கி, சுமார் இரண்டரை மணி நேரத்தில் ஆர்மேரோ நகரை மூடியது. மொத்தம் 23,000 பேர் அளவில் இறந்தனர். அந்த நகரம் பாதையில் இருப்பதைக் காட்டிய அபாய வரைபடம் முந்தைய மாதமே தயாராகியிருந்தது. எரிமலைச் செய்தியில் வெடிப்பின் அளவைத் தேடுவதற்கு முன் பனி, ஏரி, ஆறு எங்கே இருக்கின்றன என்று பார்க்க வேண்டியது இதனால்தான்.

எச்சரிக்கை நிலையையும் நாம் தப்பாகவே படிக்கிறோம். ஜப்பானின் ஒன்டாகே மலையில் 2014 செப்டம்பர் 27 நண்பகல், ஏறுபவர்கள் உச்சியில் கூடியிருந்த வேளை. எச்சரிக்கை நிலை 1; அப்போது அதற்கு எழுதியிருந்த விளக்கம் 'இயல்பு'. மலைக்குள் சூடேறிய நீர் சட்டென ஆவியாகி வெடித்தது. இறந்தும் காணாமலும் போனவர்கள் 63 பேர். மேலெழும் மாக்மா (உருகிய பாறைக்குழம்பு) தரையை உப்பவைக்கும், வாரக்கணக்கில் அதிரவைக்கும். நீராவி வெடிப்பு அவ்வளவு அவகாசம் தருவதில்லை. பிறகு அந்த 'இயல்பு' என்ற சொல்லையே நீக்கி, இது உயிருள்ள எரிமலை என்பதை நினைவில் கொள்ளவும் என்ற பொருளில் மாற்றினார்கள். நல்ல திருத்தம், காலம் தாழ்ந்து.

நிலத்தடி நீர்

பூமிக்கடியில் ஆறு ஓடுகிறது என்ற கற்பனையை முதலில் விட வேண்டும். சுண்ணாம்புக் குகைகள் போன்ற சில இடங்களைத் தவிர, நீர் இருப்பது மணல் துகள்களின் இடுக்கிலும் பாறை விரிசலிலும்தான். நகர்வதும் மிக மெதுவாக.

2002 முதல் 2017 வரை கிரேஸ் செயற்கைக்கோள்களும், 2018 முதல் அவற்றின் வாரிசுகளும் ஈர்ப்பு விசையின் மாற்றத்தை அளந்து நீர் இழப்பைக் காட்டுகின்றன. 2002 ஆகஸ்ட் முதல் 2008 அக்டோபர் வரை வடமேற்கு இந்தியாவில் 109 கன கி.மீ. நிலத்தடி நீர் குறைந்ததாக 2009-இல் வந்த ஆய்வு இந்த வகைதான். இழப்பைச் சிவப்பாகக் காட்டும் வரைபடத்தைப் பெரிதாக்கித் தன் கிணறு எந்த நிறத்தில் இருக்கிறது என்று தேடுபவர்கள் உண்டு. சில நூறு கி.மீ. பரப்பின் சராசரியைத்தான் அந்தக் கருவி உணரும். தவிர, அது அளப்பது மண் ஈரம், ஏரி, பனி எல்லாம் சேர்ந்த மொத்தம். மற்றவற்றை வேறு தரவு கொண்டு கழித்த பிறகு மிஞ்சுவதுதான் நிலத்தடி நீர்.

மகாராஷ்டிரத்தின் கொய்னா அணை பற்றியும் ஒரு சொல். 1967 டிசம்பரில் அங்கே வந்த 6.3 நிலநடுக்கத்தை நீர்த்தேக்கத்தோடு தொடர்புபடுத்துகிறார்கள். தண்ணீரின் எடை மட்டும் பாறையை உடைத்தது என்பது அரைகுறை விளக்கம். நீர் விரிசல்களுக்குள் இறங்கி அழுத்தத்தைக் கூட்ட, ஏற்கெனவே நெருக்கடியில் இருந்த பிளவு வழுக்கியது என்பதே ஆய்வாளர்கள் முதன்மையாகச் சொல்வது. எல்லா அணைக்கும் அப்படி ஒரு பிளவு அடியில் இருப்பதில்லை.

கடைசியாக, 'நல்ல மழை பெய்தால் எல்லாம் நிரம்பிவிடும்' என்பது. மணல் படுகை நிரம்பலாம். ஆனால் அளவுக்கு மீறி உறிஞ்சினால் இடையில் உள்ள களிமண் அடுக்குகள் நசுங்கிவிடும், மறுபடி விரியாது. கலிஃபோர்னியாவின் சான் வாக்கீன் பள்ளத்தாக்கில் 1925 முதல் 1977 வரை ஓரிடத்தில் தரையே ஏறக்குறைய 9 மீட்டர் இறங்கியது. ஆகவே 'நீர்மட்டம் உயர்ந்தது' என்ற செய்தியைப் பார்த்தால், எந்த ஆழத்துக் கிணற்றில் அளந்தார்கள், எந்த மாதத்தை எந்த மாதத்தோடு ஒப்பிட்டார்கள் என்று பாருங்கள். மழைக்கு முந்தைய அளவையும் பிந்தைய அளவையும் அருகருகே வைத்து 'ஏறிவிட்டது' என்று எழுதிவிடுவது சர்வசாதாரணம்.